மேலறை நடுக்கமும் நாடி ஒழுங்கைக் காக்கும் மருந்துகளும்

இருதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை ஒழுங்காகத் துடிப்பது இயல்பு. மேலறை நடுக்கம் என்னும் நோயில், மேலறைகளில் நிமிடத்திற்கு 350-க்கும் மேற்பட்ட மின் அலைகள் தாறுமாறாக எழுகின்றன. அவ்வறைகள் சுருங்குவதற்குப் பதிலாக நடுங்குகின்றன. மணிக்கட்டில் நாடி பார்ப்போருக்கு அது வேகத்திலும் பலத்திலும் ஒழுங்கின்றித் தென்படும்.

1912-ஆம் ஆண்டில் இந்நோயுற்ற டச்சு வணிகர் ஒருவர், வெங்கெபாக் என்னும் மருத்துவ அறிஞரிடம், இதனைத் தாமே நிறுத்த இயலும் என்று கூறி, மறுநாட்காலை ஒழுங்கான நாடியுடன் வந்து நின்றார். மலேரியாவுக்கு வழங்கும் கொயினாவே அவர் உட்கொண்ட மருந்து. நோயாளியின் சொல்லைப் புறக்கணியாத அம்மருத்துவரின் பொறுமை பாராட்டத்தக்கது. சிங்கோனாப் பட்டையின் மற்றொரு சத்தாகிய குவினிடின் இதற்கு மேலும் வல்லது என்பதை 1918-இல் பிரே என்பவர் கண்டார்.

ஒழுங்கை மீட்பது ஒன்று. அதனை நிலைநிறுத்துவது வேறு. 1990-இல் ஆறு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஓராண்டின் முடிவில் குவினிடின் உண்டோரில் 50 சதவீதத்தினரும், உண்ணாதோரில் 25 சதவீதத்தினருமே ஒழுங்கான துடிப்புடன் இருந்தனர். ஆனால் இறந்தோர் முறையே 2.9 சதவீதமும் 0.8 சதவீதமும் ஆவர். மேலறையை அடக்கும் மருந்தே கீழறையில் கொடிய துடிப்புக் கோளாற்றை எழுப்பவல்லது. ஆதலின், பிளெகெய்னைடு போன்றவற்றை மாரடைப்புற்றோருக்கு அளிப்பதில்லை. அமியோடரோன் இவற்றுள் மிக்க பயனுடையது. எனினும் அதில் அயோடின் மிகுதி. தைராய்டு, ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

நாடி சீரானதும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை நிறுத்திவிடுவோர் உளர். இது பெருந்தவறு. 4,060 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், பக்கவாதங்களில் பெரும்பகுதி வார்பரினை நிறுத்தியோருக்கும், போதிய அளவு பெறாதோருக்குமே நேர்ந்தது. நோய் கண்ட ஓராண்டிற்குள் ஒழுங்கை மீட்க முயல்வது நலம் பயக்கும் என 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. அதிலும் பெரும்பாலோர் உறைதடுப்பு மருந்தைத் தொடர்ந்தே உண்டனர்.

நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு குறுகியோரிடம் இந்நடுக்கம் மிகுதி. அவர்களுக்கு இன்றும் வார்பரினே உரியது. அதனுடன் அமியோடரோன் சேரும்போது வார்பரினின் வேகம் கூடும். ஈறில் குருதி கசிதல், மலம் கருத்தல், காரணமின்றித் தோலில் கன்றிய தழும்பு ஆகியவற்றைக் காணும் ஊழியர், நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அமியோடரோனை நிறுத்திய பின்னரும் பல வாரங்கள் அதன் வினை உடலில் நீடிக்கும்.