கருத்துப்போன பிளக் என்ன சொல்கிறது?

கேள்வி: பெட்ரோல் மினி லாரியில் காய்கறி லோடு அடிக்கிறேன். மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி திணறிவிட்டுத்தான் இழுக்கிறது. பிளக்குகள் கருத்திருக்கின்றன. புதிது மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. கருத்த காரணத்தை விட்டுவைத்தால் புதிய பிளக்கும் சீக்கிரமே கருக்கும்.

இன்ஜின் ஆறிய பிறகு, எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். நல்ல பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருக்கும். எல்லாப் பிளக்கிலும் விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால், பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. முதலில் ஏர் ஃபில்டர், பிறகு ஆக்ஸிஜன் சென்சார். இன்ஜின் முழுச் சூட்டை எட்டாத குட்டி ஓட்டங்களே அதிகம் என்றாலும் கரி படியும்.

ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் கவலைப்பட வேண்டும். அந்தச் சிலிண்டருக்குள் ஆயில் இறங்குகிறது. வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம். பிளக் ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை அடித்தால் அந்தச் சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை என்று சந்தேகிக்கலாம். தனித்தனிக் காயில் உள்ள வண்டியானால், அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஸ்கேனரில் பி0302 (இரண்டாம் சிலிண்டர்) என்று வந்த கோடு பி0303 (மூன்றாம் சிலிண்டர்) ஆனால் காயில்தான் பழுது.

இரிடியம் பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், மெல்லிய முனை கெட்டுவிடும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் லோடை இறக்கிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலை பிளக்கைவிடப் பல மடங்கு.