கழனியும் கலாசாலையும்

கேள்வி: சர்வகலாசாலை தன் பண்ணையில் விளைந்ததை விலைக்கு விற்பது உசிதமா? கல்வி வியாபாரமாகிவிடாதா?

பதில்: தங்கள் அச்சம் நியாயமானதே, எனினும் கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் சர்வகலாசாலையின் சரித்திரம் அறிந்தபின் என் அபிப்பிராயம் வேறாகவே இருக்கிறது. 1967-ஆம் ஆண்டில் அங்கு வந்த ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை நிபுணர், பயிருக்கு ஆகாதென்று எவரும் ஒதுக்கிவிடக்கூடிய சரிவான மலைச்சாரல் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்து, இயந்திரத்தை நாடாமல், மாணவர்களோடு மண்வெட்டி பிடித்து, மேல்மண்ணை ஒருபுறம் ஒதுக்கி, அடிமண்ணைத் தளர்த்தி, மக்கிய உரமூட்டி, அந்தக் கட்டாந்தரையைப் பூவும் காயும் குலுங்கும் நந்தவனமாக்கிக் காட்டினார். என்ன அற்புதமான உழைப்பு அது! பின்னர் அவ்வளாகத்தில் சுமார் 30 ஏக்கர் பண்ணையும் உருவாயிற்று; ரசாயனம் தவிர்த்த சாகுபடி முறைகளைப் பயில வந்தோர் பண்ணையிலேயே தங்கி, விதைப்பு முதல் அறுவடை வரை சகலமும் கற்றனர்.

விளைந்தவை வளாக வாயிலருகே வண்டிக்கடையில் விற்கப்பட்டன. முன்கூட்டியே சந்தா செலுத்திய குடும்பங்களுக்கு வாரந்தோறும் காய்கறிப் பங்கும் சென்றது. இதனை வெறும் வியாபாரமென்று நான் கருதவில்லை. எந்தப் பயிரை எந்த வாரத்தில் விதைத்தால் சந்தாதாரரின் பங்கு குறையாதிருக்கும், பறித்த ஸ்டிராபெர்ரி எத்தனை நேரம் வாடாமல் தாங்கும் என்பனவற்றை, வாங்குவோர் எதிரில் நிற்கும்போதுதான் மாணவன் மெய்யாக அறிகிறான். ஆனால் லாபத்துக்காகப் பரிசோதனைப் பாத்திகளைச் சுருக்கும் பண்ணை எதுவாயினும், அதனைத் தங்களோடு சேர்ந்து நானும் கண்டிப்பேன்.