வேலையை நிறுத்தும் அதிகாரம்

ஹௌரா பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கனடாவின் கியூபெக் ரயில் பாலம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே வகை. இரு கரைகளிலிருந்தும் இரும்புக் கைகளை நீட்டி நடுவில் இணைப்பது. ஹௌராவின் நடு இடைவெளி 1500 அடி; கியூபெக்கில் 1800 அடி. ரயில்வே பாலப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, பாதுகாப்பைப் பற்றி அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

கியூபெக் பாலத்தின் நடு இடைவெளியை முதலில் 1600 அடி என்று வைத்து, பிறகு 1800 அடியாக்கினார்கள். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்த எடையைத் திருத்திக் கணக்கிடவில்லை. தவறு தெரிந்தபோது வேலை வெகுதூரம் நடந்திருந்தது. ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர், தாங்கும் என்று தொடரவிட்டார். அவர் இருந்தது நியூயார்க்கில்.

1907 ஆகஸ்டில் அடிப்பகுதித் தண்டு ஒன்று இரண்டு அங்குலத்துக்கு மேல் வளைந்திருந்தது. பொருத்தும் முன்பே இருந்த வளைவுதான் என்று சிலர் வாதாடினார்கள். கூப்பரின் உதவியாளர் நேரில் சொல்ல நியூயார்க் போனார். ஆகஸ்ட் 29 அன்று கூப்பர், மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று தந்தி கொடுத்தார். ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவிலிருந்த கம்பெனி அலுவலகத்துக்கு, வேலையிடத்துக்கு அல்ல. அன்று மாலையே பாலம் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். மறுபடி கட்டும்போது, 1916-ல், நடுப்பகுதியைத் தூக்குகையில் அது விழுந்து மேலும் 13 பேர் இறந்தனர். 1917-ல்தான் பாலம் முடிந்தது.

கணக்கு தவறியது முதல் குற்றம். வளைவைக் கண்ணால் கண்டவர்கள் நிறைய இருந்தும், "நிறுத்து" என்று சொல்ல அங்கே ஒருவரும் துணியாதது அதைவிடப் பெரிய குற்றம்.

இதை நான் அனுபவத்தில் உணர்ந்தது ஒரு சிறிய பாலத்தில். கர்டர் மாற்றும் வேலை. ரயில்களை நிறுத்தி மூன்று மணி நேர பிளாக் கொடுத்திருந்தார்கள். கர்டரை ஜாக்கியில் தூக்கும்போது வயதான கலாசி ஒருவர், "சாஹேப், கட்டை உட்காருது" என்றார். நாற்பது நிமிடம்தான் பாக்கி. "பரவாயில்லை, தூக்கு" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கிக்கொண்டு வேலையை நிறுத்தினேன். பார்த்தால், ஜாக்கிக்கு அடியில் அடுக்கியிருந்த சிலீப்பர் கட்டைகளில் ஒன்று உளுத்துப் போயிருந்தது. ரயில்கள் தாமதமாயின. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். ஆனால் அன்று என் ஆட்கள் அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதன்பின் நான் கடைப்பிடித்தவை மூன்று:

1. வேலை தொடங்குமுன், யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம் என்று எல்லாருக்கும் அவர்கள் மொழியிலேயே சொல்வது.
2. அளவிலோ எடையிலோ மாற்றம் வந்தால், கணக்கை ஆரம்பத்திலிருந்து மறுபடி போடுவது.
3. நிறுத்தச் சொன்னவரின் சந்தேகம் பொய்யானாலும் அவரைக் கடிந்து பேசாதிருப்பது. இன்று திட்டினால் நாளை வாய் திறக்க மாட்டார்.

நம் பிள்ளைகளில் பலர் ஆலைகளிலும் கட்டுமானங்களிலும் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தையும் பதவியையும் விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள்: "உன் இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு?" பதில் சொல்ல அவர்கள் தயங்கினால், அங்கே சரிசெய்ய வேண்டியது ஏதோ இருக்கிறது.