கழித்துப் பார்த்துவிட்டு ஃபேனைக் கழற்றுங்கள்

கம்ப்யூட்டர் இரைந்தாலும், சூடாகித் தானே அணைந்தாலும் பழி ஃபேன் மீதுதான் விழுகிறது. பல வீடுகளில் அது நிரபராதி. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நண்பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டும். அதே நாளில், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் வீட்டுக்குள் 20-ஐச் சற்றே தாண்டி நிற்கும். காற்றை வீசிக் குளிரவைக்கும் எந்த ஃபேனும் பிராசசரை அறையைவிடக் குளிராக்க முடியாது. எனவே பிராசசரின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல்தான் நிற்கும். சும்மா ஓடும்போது திரையில் 58 டிகிரி காட்டுகிறது என்று வையுங்கள். 38 டிகிரி அறையில் ஏற்றம் 20, பதற வேண்டாம். 20 டிகிரி அறையில் ஏற்றம் 38, எங்கோ கோளாறு. எண் ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு. அதனால் திருப்புளியை எடுக்கும் முன் இந்தக் கழித்தலைச் செய்துவிட வேண்டும்.

விண்டோஸ் என்றால் எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடமே விடலாம். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிராசசரின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண அறை வெப்பமானி இருக்கட்டும். வேலையில்லாத நேரத்தில் ஏற்றம் 20-க்குள் இருந்தால் குளிரூட்டல் சரியாகவே நடக்கிறது. 30-ஐத் தாண்டினால் தேடத் தொடங்கலாம். மலையில் காற்று அடர்த்தி குறைவாயிற்றே, அங்கே ஃபேன் திணறாதா என்று கேட்கலாம். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. அதனால் ஏற்றம் சில டிகிரி கூடலாம். ஆனால் அறை அதைவிட அதிகமாகக் குளிர்ந்திருப்பதால் அந்த இழப்பு ஈடாகிவிடும்.

அடுத்து பெட்டியைத் திறப்பது. (நம் ஊரில் முழுப் பெட்டியையே ‘சிபியூ’ என்போம், கடைக்காரரிடம் பேசும்போது குழப்பம் வரும், ஆகவே இங்கே பிராசசர் என்றே சொல்கிறேன்.) பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். பிறகு ஃபேன் இதழை விரலால் மெல்லத் தட்டுங்கள். வழுக்கிக்கொண்டு சில சுற்று சுற்றி நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. உடனே நின்றாலோ, கரகரத்தாலோ, அச்சு ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. ‘டக் டக்’ என்ற சத்தம் பெரும்பாலும் இதழில் உரசும் ஒயர்தான். அதை ஒதுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது.

தூசி சமவெளியிலும் மலையிலும் ஒன்றல்ல என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். மழைக்காலம் முடிந்து கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில், பிராசசர் மேல் அமர்ந்து அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே உலர்ந்த மண்தூசி நிரம்பிவிடும். அது பிரஷ்ஷுக்கும் புளோயருக்கும் எளிதில் போகும். பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நீடிப்பதால் தூசி ஈரம் குடித்துக் கம்பளிபோல அப்பிக்கொள்ளும். அங்கே புளோயர் அடிப்பது வீண். மென்மையான பிரஷ்ஷால் உரித்தெடுத்து, தகடுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். மறையூர் மலையில் இருந்தாலும் மழைமறைவுப் பகுதி. அங்குள்ளவர்கள் சித்தூர் முறையையே பின்பற்றலாம். எங்கே புளோயர் அடித்தாலும் இதழைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் ஃபேன் வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங்கும் கெடும், மோட்டாரே ஜெனரேட்டராகி மதர்போர்டுக்கு மின்சாரமும் அனுப்பும்.

பெட்டியைத் திறந்துபோட்டு, எதிரில் டேபிள் ஃபேனை வைத்துவிட்டால் போதாதா? கோடையில் பாலக்காட்டில் இப்படி ஓடும் கம்ப்யூட்டர்கள் ஏராளம். நிரந்தர வைத்தியமாக இது மோசம். தூசியையும் பல்லியையும் நாமே அழைத்துக்கொள்கிறோம். ஆனால் பரிசோதனையாக இதைவிட மலிவானது கிடையாது. டேபிள் ஃபேன் வைத்ததும் ஏற்றம் சட்டென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்று போய்வரவில்லை என்று பொருள்: பின்பக்க ஃபேனையும், சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பெட்டியையும் கவனியுங்கள். ஏற்றம் அசையவே இல்லையென்றால், சூடு ஹீட்சிங்குக்கே வந்து சேரவில்லை. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் குத்துமுனைகளில் ஒன்று கழன்றிருக்கும். பழைய பேஸ்டை முழுதும் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதியதை வைத்து அழுத்தினால் போதும்.

கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ‘சிபியூ ஃபேன் எர்ரர்’ என்று நின்றால் ஒயரைப் பாருங்கள். ஃபேனுக்கு 12 வோல்ட் கொண்டுவருபவை முதல் இரண்டு ஒயர்கள். மூன்றாவது, எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்வது. நான்காவது இருந்தால் அது வேகத்தைக் கட்டுப்படுத்துவது. ஃபேன் கண்ணெதிரே சுற்றும்போதே திரையில் வேகம் பூஜ்ஜியம் காட்டினால் மூன்றாவது ஒயரோ அதன் சென்சாரோதான் போயிருக்கும், அல்லது ஃபேன் வேறு சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். பெட்டியின் பின்பக்க ஃபேனைக் கழற்றி அதே சாக்கெட்டில் செருகிப் பார்த்தால், கோளாறு ஃபேனிலா மதர்போர்டிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வோல்டேஜ் குறைவால்தான் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் எஸ்எம்பிஎஸ் வீட்டு மின்சாரத்தை மாற்றி, 12 வோல்ட்டை 5 சதவீதத்துக்குள் நிலையாக வைப்பதற்காகவே அமைந்தது. தாங்க முடியாத அளவு வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். ஃபேன் மட்டும் தனியாக மெதுவாகாது.

பேரிங் கெட்டது உறுதியானால் புது ஃபேன்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதற்கு இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்து லயத்திலிருந்து கடைக்குப் போக ஒரு நாள் வேலை போகும். காரணம் காய்ந்த பேஸ்டாக இருந்தால் புது ஃபேனும் அதே சூட்டில் சுற்றும். ஆபத்துக்கு எண்ணெய் விடுவதானால் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், மூணாறில் காலையில் ஃபேன் அசையாது, சமவெளியில் நாளடைவில் பிசினாகும். வாங்கும்போது சட்டத்தின் ஒரு பக்கத்தை அளந்து செல்லுங்கள்: 80, 92, 120 மில்லிமீட்டர் என்பவை வழக்கமான அளவுகள். மாட்டும்போது, குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபேனை மட்டும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள், இல்லையேல் முழு யூனிட்டையும் மாற்றுங்கள். மற்ற வேலைகள் முடிந்து மூடியைப் பூட்டுவதற்கு முன், அன்றைய அறைச் சூட்டையும் பிராசசர் சூட்டையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த கோடையில் கழித்துப் பார்க்க அது வேண்டும்.