சம்பளமா? சொந்தத் தொழிலா?

பற்றவைப்புத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற ஓர் இளைஞர் முன் இரண்டு வழிகள் உள்ளன. பாசிர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாம். அல்லது, சொந்தமாக வெல்டிங் இயந்திரம் வாங்கி, வீடுகளுக்கு இரும்புக் கதவும் சன்னல் கிரில்லும் செய்து தரலாம். எதில் வருமானம் அதிகம்? எடுத்துக்காட்டாக, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நிறுவனத்தில் அவருடைய மாதச் சம்பளம் 2,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அதை 26 வேலை நாள்களால் வகுத்தால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 96 ரிங்கிட் வருகிறது. ஆனால், அவர் பெறுவது அவ்வளவுதானா? ஊழியர் சேமநிதிக்காக அவர் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 325 ரிங்கிட், அவர் கணக்கில் செலுத்துகிறார். இத்தொகையையும் சேர்த்தால், ஒரு நாள் வருமானம் ஏறத்தாழ 109 ரிங்கிட் ஆகிறது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை, மருத்துவ விடுப்பு, சொக்சோ பாதுகாப்பு ஆகியவை இதில் சேரவில்லை.

இனி, சொந்தத் தொழிலைப் பார்ப்போம். அவர் ஒரு வாசற்கதவை 1,800 ரிங்கிட்டுக்குச் செய்து தருகிறார். இரும்புக்கு 900 ரிங்கிட். பற்றவைப்புக் குச்சி, சாயம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 150 ரிங்கிட். உதவியாளர் கூலி 200 ரிங்கிட். மிஞ்சுவது 550 ரிங்கிட். அளவெடுப்பது முதல் கதவைப் பொருத்துவது வரை ஐந்து நாள்கள் ஆனால், ஒரு நாளுக்குக் கிடைப்பது 110 ரிங்கிட். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! மேலும், இயந்திரம் பழுதானாலும், காய்ச்சலில் படுத்தாலும், வேலை கிடைக்காத நாள்கள் வந்தாலும் இந்த 110 ரிங்கிட்டில் இருந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

அப்படியானால், சொந்தத் தொழில் வேண்டாமா? அப்படியன்று. சம்பளத்திற்கு ஓர் எல்லை உண்டு. நல்ல பெயரெடுத்த சொந்தத் தொழிலுக்கு அந்த எல்லை இல்லை. கைத்திறன் கூடக்கூட, ஐந்து நாள் வேலை மூன்று நாளில் முடியும். நாள் வருமானமும் உயரும். ஆயினும், ஆழம் அறியாமல் காலை விடலாகாது. முதலில் சில ஆண்டுகள் நிறுவனத்தில் பணியாற்றினால், பற்றவைப்போடு பொருளை மதிப்பிடவும் விலை கூறவும் கற்றுக்கொள்ளலாம். பிறகு தொழிலைத் தொடங்கும்போது, 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விலையை எழுத்து வடிவில் தந்து, முன்பணம் பெற்ற பின்னரே இரும்பு வாங்குவது நல்லது. சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் தாமே முன்வந்து பணம் செலுத்த வேண்டும்.

நிறுவனத்தில் முதலாளி சுமக்கும் செலவையும் இடரையும் சொந்தத் தொழிலில் நாமே சுமக்கிறோம். அந்தச் சுமையின் எடையை அறிந்து தோள் கொடுப்பவருக்கு, இரண்டு வழிகளுமே நல்ல வழிகள்தாம்.