பேண்ட்சா வாங்கப் போகிறீர்களா? முதலில் எக்ஸெலைத் திறந்திடுங்கள்

கம்ப்யூட்டர் டேபிள், கீபோர்டு ட்ரே, ஸ்பீக்கர் பெட்டி என்று சின்னச் சின்ன மர வேலைகளை வீட்டிலேயே செய்து கொள்பவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். ஜிக்சாவும் டிரில்லிங் மெஷினும் வாங்கிய பின்னர், அவர்களின் அடுத்த ஆசை பெரும்பாலும் பேண்ட்சாவாகத்தான் இருக்கும். சிவகாசியில் இருக்கும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள், "எத்தனை இஞ்ச் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அது இரண்டாவது கேள்வி. எந்த மரத்தை, எவ்வளவு தடிமனில் அறுக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், குறைந்த பணத்தில் சரியான மெஷினைத் தேர்ந்தெடுத்திடலாம்.

பேண்ட்சா என்பது என்ன?

மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வீல்கள். அவற்றின் மீது நாடா போல ஓடும், முனைகள் இணைக்கப்பட்ட எஃகு பிளேடு. நடுவில் மரத்தை வைத்துத் தள்ள ஒரு மேஜை. ஊரில் உள்ள மர அறுவை மில்லில் ஓடும் பெரிய ரம்பத்தின் குட்டி வடிவம் இது. வில்லியம் நியூபெரி என்பவர் 1808ல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்நாளில் பிளேடின் இணைப்பு வளைந்து ஓடுவதைத் தாங்காமல் உடைந்து போனது. 1846ல் பிரான்சைச் சேர்ந்த கிரெபின் என்ற பெண்மணி உறுதியாக இணைக்கும் முறையைக் கண்டறிந்த பின்னரே இந்த மெஷின் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் மலிவான பிளேடு முதலில் உடைவது இந்த இணைப்பில்தான்.

உங்களுக்குத் தேவைதானா?

18 மி.மீ. பிளைவுட்டை மட்டும் அறுப்பவருக்கு பேண்ட்சா தேவையில்லை. ஜிக்சாவும் கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவும் போதும். பேண்ட்சா இரண்டு வேலைகளில் கெட்டி. ஒன்று, தடித்த மரத்தில் வளைவாக அறுப்பது. மற்றொன்று, தடித்த மரத்தை நிறுத்தி வைத்து மெல்லிய பலகைகளாகப் பிளப்பது.

இந்த இரண்டாவது வேலையில்தான் பணம் மிச்சமாகும். விருதுநகர் வட்டாரத்தில் பழைய வீடுகளை இடிக்கும்போது நல்ல தேக்குச் சட்டங்கள் கிடைக்கின்றன. 50 மி.மீ. தடிமன் உள்ள ஒரு சட்டத்தை 8 மி.மீ. பலகைகளாகப் பிளப்பதாகக் கொள்வோம். வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும். அதில் கிடைப்பவை 4 பலகைகள். பேண்ட்சா சுமார் 1 மி.மீ. மட்டுமே எடுத்துக் கொள்ளும். எனவே 5 பலகைகள் கிடைக்கும். (இழைப்புக்கு முந்தைய கணக்கு இது.)

அளவைப் புரிந்து கொள்ளுங்கள்

10 இஞ்ச், 14 இஞ்ச் என்று சொல்வது வீலின் விட்டம். பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் இடைப்பட்ட இடைவெளி இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். பிளக்கும் வேலைக்கு முக்கியம் மேஜைக்கும் மேல் கைடுக்கும் இடையே உள்ள உயரம். சிறிய மெஷின்களில் இது 3 முதல் 4 இஞ்ச் வரைதான் கிடைக்கும். 14 இஞ்ச் மெஷின்களில் பொதுவாக 6 இஞ்ச். கடைக்காரர் வீல் அளவைச் சொல்வார். உயரத்தை நீங்கள்தான் டேப் வைத்து அளந்திட வேண்டும்.

வீல் சிறியதானால் பிளேடு அதிகம் வளைகிறது. தடித்த பிளேடைச் சிறிய வீலில் மாட்டினால் விரைவில் விரிசல் விடும். எனவே சிறிய மெஷினுக்கு மெல்லிய பிளேடே பொருந்தும்.

எக்ஸெலில் வேகக் கணக்கு

மெஷினில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமினைத் திறந்து கொள்ளுங்கள்.

1. பி2 செல்லில் வீலின் விட்டத்தை மி.மீட்டரில் தரவும். (14 இஞ்ச் என்றால் 356.)
2. பி3ல் மோட்டாரின் வேகத்தைத் தரவும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பெரும்பாலான மோட்டார்கள் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும்.
3. பி4ல் மோட்டார் புல்லியின் விட்டம், பி5ல் வீல் புல்லியின் விட்டம். உதாரணமாக 75, 125.
4. பி6ல் சமக்குறி போட்டு பி3*பி4/பி5 என டைப் செய்திடவும். 864 என விடை வரும். இது வீலின் சுற்று.
5. பி7ல் சமக்குறி போட்டு 3.1416*பி2*பி6/1000 எனத் தரவும். சுமார் 966 என வரும். பிளேடு ஒரு நிமிடத்தில் ஓடும் தூரம் இத்தனை மீட்டர்.

மரத்துக்கு 600 முதல் 1,000 மீட்டர் வரை இருந்தால் நல்லது. இதே புல்லிகளுடன் 10 இஞ்ச் வீல் (254 மி.மீ.) என்றால் 689 மீட்டர் கிடைக்கும். அதுவும் போதும். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டு வந்த 60 ஹெர்ட்ஸ் மெஷின் என்றால் கவனம். நம் மின்சாரத்தில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 110 வோல்ட் மெஷின் என்றால் டிரான்ஸ்பார்மர் செலவும் சேரும்.

மோட்டாரும் கரண்டும்

வளைவு வேலைக்கு அரை ஹெச்.பி. போதும். 6 இஞ்ச் மரத்தைப் பிளக்க 1 ஹெச்.பி.க்குக் குறையாமல் இருக்கட்டும். 1 ஹெச்.பி. என்பது 746 வாட். மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் முழுச் சுமையில் சுமார் 1,000 வாட் இழுக்கும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். கிளம்பும் நொடியில் இதைப் போல் பல மடங்கு கரண்ட் எடுக்கும். எனவே இதனைக் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸிலோ, வீட்டு இன்வெர்ட்டரிலோ செருக வேண்டாம். 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர், சரியான எர்த் ஆகியவை கட்டாயம்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. சாதாரண ஸ்விட்ச் இருந்தால் ஓடிவிடும். அந்த நேரத்தில் பிளேடு அருகே கை இருந்தால் விரல் போய்விடும். நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் இருந்தால் நீங்கள் பட்டனை அழுத்தினால்தான் மீண்டும் ஓடும். பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பிளேடுதான் வேலை செய்கிறது

ஒரு இஞ்சில் எத்தனை பற்கள் என்பதைப் பாருங்கள். அதை இஞ்ச் கணக்கில் மரத்தின் தடிமனோடு பெருக்கினால், ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கை கிடைத்திடும். 6 முதல் 12 வரை இருந்தால் அறுப்பு சீராக இருக்கும். 3க்குக் குறையக் கூடாது. 3 இஞ்ச் மரத்துக்கு 3 பல் பிளேடு என்றால் 9 பற்கள். அருமை. 14 பல் பிளேடு என்றால் 42 பற்கள். தூள் வெளியேற இடமின்றி மரம் கருகும்.

பிளேடின் அகலம் வளைவைத் தீர்மானிக்கிறது. கால் இஞ்ச் பிளேடால் சுமார் 16 மி.மீ. ஆரம் வரை திருப்பலாம். அரை இஞ்ச் பிளேடுக்கு சுமார் 64 மி.மீ. தேவை. நேராகப் பிளக்க அரை இஞ்ச், வளைவுக்குக் கால் இஞ்ச் என இரண்டு வாங்கினால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். மெஷினை வாங்கும் முன்னரே அதன் பிளேடு நீளம் எளிதாகக் கிடைக்குமா என விசாரித்திடுங்கள். 14 இஞ்ச் மெஷின்களில் 2,375 மி.மீ. பரவலான அளவு.

பழைய மெஷின் என்றால்

சிவகாசியில் அச்சு இயந்திரங்களுக்குப் பாகம் செய்து தரும் லேத் பட்டறைகள் உண்டு. புல்லி கடைவது, பேரிங் மாற்றுவது போன்றவற்றை அங்கே முடித்துக் கொள்ளலாம். எனவே பழைய மெஷினைக் கண்டு பயப்பட வேண்டாம். நான் பார்ப்பது இவற்றைத்தான்.

* பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீலைக் கையால் சுற்றுங்கள். இடவலமாக ஆடினால் பேரிங் போய்விட்டது.
* வீலின் ரப்பர் டயரில் வெடிப்பு உள்ளதா எனப் பாருங்கள். டயர் மாற்றக் கூடியது. வீலில் விரிசல் இருந்தால் மெஷினே வேண்டாம்.
* டென்ஷன் திருகின் மரை தேய்ந்திருக்கக் கூடாது.
* பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை மேஜையில் நிமிர்த்தி வைத்து, பிளேடில் இருந்து தள்ளி நின்று மெஷினை ஓட விடுங்கள். நாணயம் விழாமல் நின்றால் அதிர்வு குறைவு என்று அர்த்தம்.

நம் பகுதிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் பகுதியில் இருக்கிறோம். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் ஓடும்போதெல்லாம் பொறி பறக்கும். பிரஷ் இல்லாத சிங்கிள் பேஸ் மோட்டாரிலும், பெரும்பாலானவற்றில், கிளம்பும்போதும் நிற்கும்போதும் உள்ளே ஒரு ஸ்விட்ச் பொறி விடும். மரத்துக்குள் மறைந்த ஆணியில் பிளேடு பட்டாலும் பொறிதான். கூடவே மரத்தூள் வேறு. எனவே வெடியுப்பு, அலுமினியப் பவுடர், திரி, தீபாவளிக்கு வாங்கி வைத்த கிப்ட் பாக்ஸ் என எதுவும் இருக்கும் கட்டடத்தில் இந்த மெஷினை வைக்கவே கூடாது. ஆலை வேலை முடிந்து வருபவர்கள் குளித்து, உடை மாற்றிய பின்னரே மெஷின் பக்கம் செல்ல வேண்டும்.

ஆணியைக் கண்டுபிடிக்கக் கடையில் கருவி வாங்க வேண்டியதில்லை. பழுதான ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே சக்தி வாய்ந்த காந்தம் இருக்கும். அதை நூலில் கட்டி மரத்தின் மீது மெதுவாக நகர்த்துங்கள். ஆணி உள்ள இடத்தில் இழுக்கும்.

அறுக்கும்போது கையுறை வேண்டாம். பிளேடு அதைப் பிடித்து இழுத்துவிடும். கண்ணாடியும் முகக்கவசமும் வேண்டும். வாகை மரத்தூள் கடுமையாகத் தும்ம வைக்கும்.

வன அலுவலகத்தில் ஒரு கேள்வி

மர அறுவை மில்களுக்கு உரிமம் கட்டாயம். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12ல் ஆணை பிறப்பித்த பின்னர் இதில் கண்டிப்பு கூடியது. மத்திய அரசும் 2016ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெரிய மெஷின் வாங்கும் முன்னரோ, முழு மரத்துண்டுகளை அறுக்க எண்ணினாலோ மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெற்றிடுங்கள். பழைய சட்டங்களை வாங்கிய ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பணத்தைப் பிரிப்பது எப்படி?

கையில் உள்ள தொகை முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு மெஷினுக்கு. மீதி ஒரு பங்கில் ஸ்டார்ட்டர், ஒயரிங், நல்ல பிளேடுகள் நான்கு, கண்ணாடி, முகக்கவசம் ஆகியவை வர வேண்டும். மட்டமான பிளேடு மாட்டிய 14 இஞ்ச் மெஷினைவிட, கூரான பிளேடு மாட்டி டென்ஷனைச் சரியாக வைத்த 10 இஞ்ச் மெஷின் நேராக அறுக்கும்.

கடைக்குப் போகும் முன் எக்ஸெலில் நான்கு வரிசைகள் போடுங்கள்: அடுத்த ஓராண்டில் செய்யப் போகும் பொருள்கள், அவற்றில் அதிகபட்ச மரத் தடிமன், மிகச் சிறிய வளைவு, ஒதுக்கியுள்ள தொகை. தடிமன் 3 இஞ்சைத் தாண்டவில்லை என்றால் 10 இஞ்ச் மெஷினோடு திருப்தி அடைந்திடலாம். அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டு செல்லுங்கள்.