அளவறிந்து ஏற்றுக

நுழையும்முன்
சாலை அனைவருக்கும் பொது. ஒருவர் ஏற்றும் சுமை அவருடைய வண்டியின் எல்லையை மீறும்போது, பிறருடைய வழியையும் உயிரையும் அது தொடுகிறது. கொங்குநாட்டுச் சாலைகளின் வழியே அச்சுமையின் அறத்தை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

சேம அச்சு

சங்ககாலத்தில் உப்பு வணிகம் செய்த உமணர், மேடுபள்ளம் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்பதை முன்னறிந்து, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துகிறார். வண்டியின் வலிமையை அறிந்து ஏற்றுவது தமிழரின் பழைய அறிவு. அவ்வறிவே இன்று சட்டமாக நிற்கிறது.

சட்டம் வகுத்த எல்லை

பொள்ளாச்சியில் தேங்காய் மட்டை, கோபிசெட்டிபாளையத்தில் வைக்கோல், சத்தியமங்கலத்தில் கரும்பு எனக் கொங்குநாட்டின் விளைச்சல் பெரும்பாலும் சிறு சரக்கு வாகனங்களிலும் டிராக்டர்களிலுமே பயணம் செய்கிறது. வண்டியும் சுமையும் சேர்ந்து 7,500 கிலோகிராமுக்கு மிகாத சரக்கு வாகனத்தை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இலகுரக வாகனமாகக் கொள்கிறது. இலகுரக வாகன உரிமம் பெற்றவர் இத்தகைய சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

ஆனால், ஓட்டும் உரிமை வேறு. விரும்பியவாறு ஏற்றும் உரிமை வேறு. சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்கு மிகலாகாது. சுமை பக்கவாட்டிலோ முன்புறமோ பின்புறமோ உயரத்திலோ வரம்பு கடந்து நீண்டால், 20,000 ரூபாய் தண்டத்துடன் மிகைச்சுமையை இறக்கும் செலவையும் ஏற்க வேண்டும்.

இவ்வெல்லைக்குக் காரணம் உண்டு. வைக்கோல் எடை குறைந்ததுதான். ஆயினும் உயர அடுக்கும்போது வண்டியின் ஈர்ப்புமையம் மேலே செல்கிறது. வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்புறமாகச் சாய்கிறது. பின்னால் நீண்ட மூங்கிலோ கம்பியோ, வண்டி ஒருபுறம் திரும்புகையில் மறுபுறம் வீசுகிறது. பக்கத்தில் வரும் இருசக்கர வாகன ஓட்டி அதனை எதிர்பார்ப்பதில்லை. பக்கவாட்டில் பிதுங்கிய மட்டைகள் பின்விளக்கை மறைத்தால், இருளில் அவ்வண்டி நிற்பதே பின்வருபவருக்குத் தெரியாது.

இழுத்துச் செல்லும் முறை

பழுதடைந்த வண்டியை மற்றொரு வண்டி இழுக்கும்போது, இரண்டிற்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இடைவெளி மிகுந்தால் நடுவே கடந்துவிடலாம் எனப் பிறர் எண்ணுவர். கயிறு அல்லது சங்கிலி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். முன்சக்கரங்கள் தூக்கப்படாத நிலையில், இழுக்கப்படும் வண்டியிலும் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்து திசைதிருப்பியைக் கையாள வேண்டும்.

திம்பம் கூறும் பாடம்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு செல்லும் சாலையில், பண்ணாரிக்கும் திம்பத்திற்கும் இடையே 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதிக உயரத்திற்குச் சுமை ஏற்றிய வண்டி ஒரு வளைவில் கவிழ்ந்தால், மலையின் இருபுறமும் போக்குவரத்து நின்றுவிடும். நோயாளியை ஏற்றிய ஊர்தியும் அங்கேயே காத்திருக்க நேரும்.

இச்சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. வரம்பு மீறி ஏற்றிய கரும்பு வழியில் சிதறும். அதன் சுவை கண்ட யானைகள் சாலையோரம் காத்திருந்து வண்டிகளை மறிக்கின்றன. உழவரின் உழைப்பு வீணாகிறது; ஓட்டுநரின் உயிரும் யானையின் உயிரும் இடருக்குள்ளாகின்றன. இதனைத் தடுக்கவே காராப்பள்ளம் சோதனைச்சாவடியில் உயரத்தடுப்பு அமைக்கப்பட்டது. வாகனங்களில் அடிபட்டுக் காட்டுயிர்கள் இறந்ததால், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இச்சாலையில் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது.

இரண்டு நடையில் கொண்டுசெல்ல வேண்டியதை ஒரே நடையில் கொண்டுசென்றால் வாடகை மிச்சமாகும் என்பது உண்மையே. விளைபொருளுக்கு உரிய விலை கிடைக்காத உழவருக்கு அம்மிச்சம் சிறிதன்று. எனினும், அதன் விலையைச் சாலையில் வரும் முன்பின் அறியாத ஒருவர் தம் உயிரால் செலுத்த நேரலாம். அளவறிந்து ஏற்றுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

தெரிந்து தெளிவோம்
பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளின் காற்றாலை இறக்கைகள் பிரிக்க இயலாத நீண்ட பொருள்கள். இத்தகையவற்றை, சிறப்பு அனுமதி பெற்று, உரிய எச்சரிக்கை அடையாளங்களுடனேயே சாலையில் கொண்டுசெல்ல வேண்டும்.

கற்பவை கற்றபின்
1. சேம அச்சு – விளக்கம் தருக.
2. இழுக்கும் வண்டிக்கும் இழுக்கப்படும் வண்டிக்கும் இடையே உள்ள தொலைவு வரையறுக்கப்பட்டது ஏன்?
3. ‘ஓட்டும் உரிமை வேறு, ஏற்றும் உரிமை வேறு’ – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
4. உங்கள் ஊர்ச் சாலையில் அளவு மீறிய சுமைகளால் நேரும் இடர்களைக் கண்டறிந்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குக் கடிதம் எழுதுக.